டூர் போறப்ப என்ன டிரஸ் போடுறது, எதோட எதை மேட்ச் பண்றது: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

டிக்கெட்டும் ரூமும் மாசக்கணக்கா யோசிச்சு புக் பண்ணுவோம், டிரஸ்ஸை மட்டும் கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி கைக்கு கிடைச்சதை எல்லாம் அள்ளிப் போட்டு ஜிப்பை இழுத்து மூடுவோம். அப்புறம் போன இடத்துல "பேக் நிறைய துணி இருக்கு, போட்டுக்க ஒண்ணும் இல்ல"னு புலம்பல். இந்த விஷயத்துல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை ஒரே இடத்துல போட்டிருக்கேன். ஆம்பளை பொம்பளை ரெண்டு பேருக்கும் பொதுவாதான் எழுதியிருக்கேன், ஒருத்தருக்கு மட்டும்னு வர்ற இடத்துல சொல்லிடறேன்.

பேக்கிங்கை எதுல இருந்து ஆரம்பிக்கறது?

செருப்பு, ஷூவுல இருந்து. நிஜமாதான் சொல்றேன். முக்காவாசி பேர் பிடிச்ச டாப்ஸ், பிடிச்ச சட்டைனு மேல இருந்து கீழ வருவாங்க, கடைசியில அதுல ஒண்ணுக்கு பிரவுன் செருப்பு வேணும் இன்னொண்ணுக்கு கருப்பு ஹீல்ஸ் வேணும் நடக்கறதுக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ தனியா வேணும்னு ஆகி பேக்ல பாதி இடத்தை ஷூவே தின்னுடும். பேக்ல அதிக இடம் புடிக்கறதும் கனமா இருக்கறதும் அதுதான், போன இடத்துல அவசரத்துக்கு வாங்கினா காலைக் கடிக்கறதும் அதுதான். அதனால முதல்ல ரெண்டு ஜோடியை முடிவு பண்ணுங்க, அந்த ரெண்டோட ஒத்துப்போற பேன்ட், ஸ்கர்ட் எடுங்க, அதோட ஒத்துப்போற டாப்ஸ் எடுங்க. இப்படி கீழ இருந்து மேல போனாலே கலர் குழப்பம் பாதி தீர்ந்துடும்.

ரெண்டு ஜோடி போதுமா? அதுல எது எது?

போதும். ஒண்ணு நாள் முழுக்க நடந்தாலும் கால் வலிக்காதது, இன்னொண்ணு சாயங்காலம் கொஞ்சம் நல்ல இடத்துக்குப் போனாலும் கூச்சமில்லாம போட்டுக்கறது. நடக்கறதுக்கு பளபளனு நாலு கலர் அடிச்ச ஜிம் ஷூவை விட ஒரே கலர்ல, வெள்ளையோ சாம்பலோ பழுப்போ, சிம்பிளான ஸ்னீக்கர்ஸ் எடுங்க, அது பேன்ட்டுக்கும் சேரும் ஸ்கர்ட்டுக்கும் சேரும். சுத்த வெள்ளை முதல் நாளே அழுக்காயிடும்னு பயமா இருந்தா ஆஃப் ஒயிட். ரெண்டாவது ஜோடி தட்டையா, மடங்கற மாதிரி இருந்தா நல்லது: லோஃபர், லெதர் சாண்டல், பாலே ஃபிளாட்ஸ் இப்படி. கடற்கரைக்குப் போறீங்கன்னா ரப்பர் செருப்பு ஒண்ணு கூட, அது கணக்குல வராது.

கனமான ஜோடியைக் கால்ல போட்டுட்டுக் கிளம்புங்க. பேக்குள்ள போற ஷூவுக்குள்ள சாக்ஸ், பெல்ட், சார்ஜர் எல்லாத்தையும் திணிங்க, இடமும் மிச்சம், ஷூவும் நசுங்காது.

எந்த கலர் எடுத்தா எல்லாம் எல்லாத்தோடயும் சேரும்?

ரெண்டு அடிப்படை கலர், ஒரு வெளிர் கலர், ஒரு எடுப்பான கலர். அவ்ளோதான். அடிப்படைன்னா நேவி ப்ளூ, சாம்பல், கருப்பு, பழுப்பு, ஆலிவ் பச்சை இதுல ரெண்டு. வெளிர்னா வெள்ளை, கிரீம். எடுப்பானதுன்னா உங்க முகத்துக்கு நல்லா இருக்கும்னு நாலு பேர் சொன்ன கலர், மெரூனோ மஸ்டர்டோ மயில்நீலமோ. உதாரணத்துக்கு நேவி, பழுப்பு, வெள்ளை, மெரூன். இதுல எந்த ரெண்டை எடுத்து மேலயும் கீழயும் போட்டாலும் அசிங்கமா இருக்காது, யோசிச்சுப் பாருங்க.

கருப்பே போதுமே, எல்லாத்துக்கும் சேருமேன்னு நிறைய பேர் கேப்பாங்க. கருப்பு எனக்கும் பிடிக்கும், ஆனா டூர்ல அது ரொம்ப தொல்லை பிடிச்ச கலர். தூசி தெரியும், வேர்வை காஞ்சா உப்புக் கோடு தெரியும், வெயில்ல சூடு ஏறும், போட்டோல மடிப்பு தையல் எதுவும் தெரியாம ஒரு கருப்புத் திட்டா விழும். அதோட ஒரு புது கருப்பையும் நாலு வருஷம் துவைச்ச கருப்பையும் சேர்த்துப் போட்டா ரெண்டும் வேற வேற கலர்னு பளிச்னு தெரியும். நேவிக்கு இந்த பிரச்சனை கம்மி.

இன்னொரு விஷயம், கலரை ரூம் லைட்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க. மஞ்சள் பல்பு வெளிச்சத்துல நேவியும் கருப்பும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். பகல்ல ஜன்னல்கிட்ட கொண்டுபோய் வச்சுப் பாருங்க.

சரி, எத்தனை டிரஸ் எடுக்கறது?

ஒரு வாரத்துக்கு நாலு டாப், மூணு பாட்டம் (பேன்ட், ஸ்கர்ட்), மேல போட்டுக்க ரெண்டு (ஒரு ஜாக்கெட், ஒரு கார்டிகன் இல்லைன்னா ஓவர்ஷர்ட்). நாலு மூணு பன்னெண்டு, அதை ரெண்டு மேல்துணியோட தனித்தனியா சேர்த்தா இன்னும் 24, ஆக மொத்தம் 36 விதம். ஒரு மாசத்துக்குமே தாராளம், நடுவுல துவைக்கணும் அவ்ளோதான்.

ஆனா இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு, எல்லா டாப்பும் எல்லா பாட்டத்தோடயும் சேர்ந்தாதான் 12 வரும். "இந்த டாப் அந்த ஸ்கர்ட்டோட மட்டும்தான் நல்லா இருக்கும்"னு ஒண்ணு உள்ள வந்துச்சுன்னா 12 பத்தாயிடும், ரெண்டு வந்துச்சுன்னா எட்டாயிடும். பேக்ல வச்சதுல பாதி திரும்ப மடிப்பு கலையாமலே வீட்டுக்கு வர்றதுக்கு இந்த ஒத்தைக்குருவிங்கதான் காரணம். கட்டில்ல பாட்டம் மூணையும் வரிசையா போட்டு ஒவ்வொரு டாப்பையும் மூணு மேலயும் வச்சுப் பாருங்க, ரெண்டுக்காவது சேரலைன்னா அது எவ்ளோ பிடிச்ச டாப்பா இருந்தாலும் வீட்டுலயே இருக்கட்டும்.

கொஞ்சமா வச்சுக்கிட்டு நிறைய சேர்க்கறதுங்கற இந்த யோசனை புதுசு இல்ல. 1970கள்ல லண்டன்ல துணிக்கடை வச்சிருந்த சூசி ஃபாக்ஸ் "கேப்ஸ்யூல் வார்ட்ரோப்"னு இதைப் பேச ஆரம்பிச்சாங்க, 1985ல அமெரிக்க டிசைனர் டோனா கேரன் ஏழே ஏழு உருப்படியை மாத்தி மாத்திப் போடுற மாதிரி ஒரு கலெக்‌ஷனே போட்டாங்க. ஆபீஸ் போற பெண்களை மனசுல வச்சு செஞ்சது, ஆனா பேக்ல இடம் கம்மியா இருக்கற ஆளுக்குதான் அது ரொம்ப பொருந்துது.

பூப்போட்டது, கோடு போட்டது எல்லாம் எடுக்கவே கூடாதா?

எடுக்கலாம், எடுக்கணும்னே சொல்வேன், எல்லாமே பிளெயினா இருந்தா யூனிஃபார்ம் மாதிரி ஆயிடும். டாப்ல வச்சுக்கங்க, பாட்டம் எல்லாம் பிளெயினா இருக்கட்டும். அந்த டிசைன்ல உங்க அடிப்படை கலர்ல ஒண்ணாவது இருக்கணும், அது இருந்தா தானா சேர்ந்துடும். சின்ன சின்ன டிசைனுக்கு இன்னொரு லாபம், குழம்பு காபி எது சிந்தினாலும் தெரியாது. நேவி வெள்ளை கோடு போட்ட டீ ஷர்ட் ஒண்ணு இருந்தா கண்ணை மூடிட்டு எடுத்துப்போங்க. 1858ல ஃபிரெஞ்சுக் கடற்படை சிப்பாய்ங்களுக்கு 21 வெள்ளைக் கோட்டோட யூனிஃபார்மா கொடுத்த பனியன் அது, இன்னிக்கு வரைக்கும் பேஷன் போகல.

எந்தத் துணி கசங்காது?

இதுக்கு கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா "காட்டன்தான் நல்லது"னு ஒரே வரியில முடிச்சு எல்லாரும் மாட்டிக்கறாங்க.

காட்டன் ஏன் கசங்குதுன்னா, அதோட இழைக்குள்ள இருக்கற செல்லுலோஸ் சங்கிலிங்களைப் புடிச்சு வச்சிருக்கற பிணைப்பு ஈரம் பட்டா விட்டுடும், காயும்போது எந்த நிலையில இருக்கோ அப்படியே திரும்பப் புடிச்சுக்கும். வேர்வையோட சீட்ல உக்காந்து எந்திரிச்சா முதுகுல விழற மடிப்பு அதான். லினனுக்கும் ரேயானுக்கும் இதே கதைதான். பாலியெஸ்டர் தண்ணியையே குடிக்காது, சாதாரண காத்துல இருக்கற ஈரத்துல காட்டன் தன் எடையில 8 சதவீதம் போல இழுத்து வச்சுக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம் கூட இழுக்காது. அதனால கசங்காது, சீக்கிரம் காயும். ஆனா வேர்வை நாத்தம் அதுல ஒட்டிக்கிட்டா ரெண்டு தடவை துவைச்சாலும் போறது கஷ்டம், புழுக்கமாவும் இருக்கும்.

அப்ப எதைத்தான் எடுக்கறது? காட்டனும் பாலியெஸ்டரும் கலந்தது பாட்டத்துக்கு நல்லா இருக்கும். டாப்புக்கு மெல்லிசான மெரினோ கம்பளி கிடைச்சா விடாதீங்க. கம்பளின்னதும் குத்தும், வேர்க்கும்னு நினைக்க வேணாம், இந்த இழை ரொம்ப மெல்லிசு, தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ள வாங்கிட்டும் கையில தொட்டா ஈரமாவே தெரியாது, ரெண்டு மூணு நாள் போட்டாலும் நாறாது, ராத்திரி ஹேங்கர்ல தொங்கவிட்டா காலையில சுருக்கம் முக்காவாசி தானா போயிருக்கும். விலைதான் உறைக்கும், ஒண்ணே ஒண்ணு போதும்.

சீர்சக்கர்னு ஒரு துணி இருக்கு, நெய்யும்போதே சுருக்கம் சுருக்கமா நெஞ்சது, அதை அயர்ன் பண்ணவே கூடாது. உடம்புல ஒட்டாது, நடுவுல காத்து போகும். வெயில் ஊருக்கு அதை விட்டா வேற இல்ல. ரேயான், விஸ்கோஸ்ல மட்டும் ஒரு ஜாக்கிரதை, நனைஞ்சா பலம் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுடும், வாஷ்பேசின்ல போட்டு முறுக்கிப் பிழிஞ்சீங்கன்னா உருமாறிடும்.

கடையில ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. கீழ் ஓரத்தைக் கைக்குள்ள அடைச்சு இறுக்கமா ஒரு பத்து செகண்ட் பிடிச்சுட்டு விடுங்க. கோடு கோடா அப்படியே நின்னா டூருக்கு ஆகாது, மெதுவா விரிஞ்சு வந்தா எடுத்துக்கலாம்.

லினன் கசங்கும்தான், ஆனா போட்டா அழகா இருக்கே?

கசங்கினாதான் அது அழகு. அதை அயர்ன் பண்ணி விரைப்பா வச்சுக்கணும்னு நினைக்கறவங்க எடுக்காதீங்க. கொஞ்சம் லூஸா, வெளிர் கலர்ல, மத்த எல்லாம் நீட்டா இருக்கும்போது லினன் சட்டை கசங்கியிருந்தா வேணும்னே விட்ட மாதிரி இருக்கும். செருப்பும் தேஞ்சு, தலையும் கலைஞ்சு, லினனும் கசங்கியிருந்தா நேத்து ராத்திரி அதுலயே தூங்கின மாதிரி இருக்கும்.

ஜீன்ஸ்?

ஒண்ணு, அதுவும் போட்டுக்கிட்டுப் போறது. ஒரு ஜோடி முக்கால் கிலோ வரைக்கும் வரும், நனைஞ்சா ஒரு நாள் முழுக்க காயாது. கிழிசல் இல்லாத கரு நீலம் எடுத்தீங்கன்னா நல்ல இடத்துக்கும் போட்டுக்கலாம். மழைக்காலம்னா, மலை ஏறப்போறீங்கன்னா வீட்லயே விட்டுடுங்க.

ஃபிளைட்லயோ ராத்திரி பஸ்லயோ போறப்ப நல்லாவும் இருக்கணும், சௌகரியமாவும் இருக்கணும், என்ன பண்றது?

மெத்துனு இருக்கற துணி, ஆனா ஷேப் இருக்கணும். தொளதொளன்னு வெளுத்துப்போன நைட் பேன்ட்டும், இடுப்புல நாடா வச்சு கீழ வர வர ஒடுங்கற டேப்பர்ட் பேன்ட்டும் உடம்புக்கு ஒரே சௌகரியம்தான், பாக்கறதுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மேலயும் கீழயும் ஒரே துணி ஒரே கலர்ல வர்ற கோ ஆர்ட் செட்டு இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, போய் இறங்கினதும் ரெண்டையும் பிரிச்சு வேற வேற டிரஸ்ஸோடயும் போட்டுக்கலாம்.

ஃபிளைட்ல காத்து ரொம்ப வறட்சி, ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ போகும், ஏசி ஒரு நேரம் உறையும் ஒரு நேரம் இருக்காது, அதனால கழட்டிப் போட ஒரு மேல்துணி கட்டாயம். ரொம்ப நேரம் உக்காந்தா கால் வீங்கும், இறுக்கமான ஷூ போட்டுக்கிட்டு ஏறினா இறங்கும்போது கழட்டினதை மாட்டவே முடியாது, லேஸ் தளர்த்தற மாதிரி இருந்தா நல்லது. பெரிய பக்கிள் பெல்ட்டு, முட்டி வரைக்கும் பூட்ஸ் எல்லாம் செக்யூரிட்டில நின்னு அவுக்கணும், பின்னாடி நிக்கறவங்க முறைப்பாங்க.

பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டே ஏறுங்க. நிறைய ஏர்லைன்ல கேபின் பேக் 7 கிலோதான், போட்டிருக்கற துணியை யாரும் எடை போட மாட்டாங்க.

குளிர் பிரதேசத்துக்குப் போனா தடி தடியா ஸ்வெட்டர் போட்டு உருண்டையா தெரியறேனே?

தடியா ஒண்ணு போடுறதுக்கு பதிலா மெல்லிசா மூணு போடுங்க. உடம்போட ஒட்டி வேர்வையை இழுத்து வெளிய தள்ற ஒண்ணு, அதுக்கு மேல சூட்டைப் புடிச்சு வைக்கிற ஃபிளீஸோ ஸ்வெட்டரோ, எல்லாத்துக்கும் மேல காத்தும் மழையும் புகாத ஒரு ஜாக்கெட். குளிர்ல நம்மளைக் காப்பாத்தறது துணியோட தடிமன் இல்ல, துணிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட காத்து. உடம்போட ஒட்டற துணி மட்டும் காட்டன் வேணாம், நனைஞ்சா அப்படியே ஐஸ் வச்ச மாதிரி இருக்கும்.

மலைல 1000 மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும், அடிவாரத்துல டீ ஷர்ட் போதும்னு இருந்தவங்க மேல போய் நடுங்கறது இதனாலதான். அதனால ஒவ்வொரு லேயரும் தனியா பார்த்தாலும் நல்லா இருக்கற மாதிரி எடுங்க. ஜாக்கெட்டைக் கழட்டினா உள்ள பழைய கிழிஞ்ச தெர்மல் தெரிஞ்சா என்ன பிரயோஜனம்.

இங்க ஸ்டைல் விஷயத்துல ஒரே ஒரு ரகசியம்: அந்த ஊர்ல எடுக்கற எல்லா போட்டோலயும் தெரியப்போறது ஜாக்கெட்டும் குல்லாவும்தான், உள்ள எத்தனை டாப் மாத்தினாலும் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால காசும் கலரும் ஜாக்கெட்ல போடுங்க. பனில மஞ்சள், சிவப்பு, மெரூன் ஜாக்கெட் அள்ளும். டாப்ஸ் எண்ணிக்கையைக் குறைச்சுட்டு ஒரு மப்ளர், ஒரு குல்லா கூட எடுத்தா தினம் வேற மாதிரி தெரியும்.

வெயில் ஊருக்கு?

கம்மியா போடறதை விட லூஸா போடறது குளுமை. முழுக்கை லினன் சட்டை திறந்துவிட்டு உள்ள ஒரு ஸ்லீவ்லெஸ், இதை விட வெயில்ல ஸ்டைலான காம்பினேஷன் எனக்குத் தெரிஞ்சு இல்ல, தோளும் கருகாது. துணில யூபிஎஃப் 50ன்னு போட்டிருந்தா புற ஊதாக் கதிர்ல 50ல ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ள வரும். மெல்லிசான வெள்ளை டீ ஷர்ட்டுக்கு அந்த நம்பர் பத்துக்கும் கீழதான், அதை மட்டும் நம்பி உச்சி வெயில்ல நிக்காதீங்க. கூலிங் கிளாஸ்ல யூவி 400ன்னு இருக்கான்னு பாருங்க. சாம்பல் கலர் டீ ஷர்ட் வேணவே வேணாம், அக்குள் வேர்வையை அது மாதிரி காட்டிக் கொடுக்கற கலர் வேற இல்ல.

மழைன்னா?

முட்டிக்குக் கீழதான் பிரச்சனை. பேன்ட் கணுக்காலுக்கு மேல நிக்கட்டும், சீக்கிரம் காயற துணியா, கரு கலரா இருக்கட்டும். ரெயின்கோட்ல "வாட்டர் ரிப்பெல்லன்ட்"னு மட்டும் போட்டிருந்தா தூறலுக்குத்தான் தாங்கும், தையலை உள்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருந்தாதான் கொட்டற மழைக்கு. நனைஞ்ச ஷூவுக்குள்ள பேப்பரைக் கசக்கி வச்சு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, ஹீட்டர் முன்னாடி வச்சா லெதர் வெடிச்சுடும்.

அதே டிரஸ் எல்லா போட்டோலயும் வருது, வேற மாதிரி காட்ட முடியாதா?

முடியும், அதுக்கு இன்னொரு டிரஸ் தேவையில்ல. ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக்குவோம். முதல் நாள் பட்டன் எல்லாம் போட்டு டக் இன் பண்ணி பெல்ட்டோட. அடுத்த நாள் பட்டனைத் திறந்துவிட்டு உள்ள கோடு டீ ஷர்ட்டோட, ஜாக்கெட் மாதிரி. அப்புறம் கீழ் ரெண்டு பட்டனை அவுத்துட்டு ரெண்டு முனையையும் இடுப்புல முடிச்சுப் போட்டு ஸ்கர்ட்டோட. அப்புறம் ஸ்வெட்டருக்குள்ள போட்டு காலரையும் கை முனையையும் மட்டும் வெளிய எடுத்துவிட்டு. கடைசி நாள் ஸ்விம் சூட்டுக்கு மேல. சட்டை ஒண்ணுதான்.

கையை மடிக்கிறதுலயே எவ்ளோ வித்தியாசம்னு பாருங்க. கஃப்பை முழங்கைக்கு மேல வரைக்கும் ஒரே மடிப்பா தூக்கிட்டு, கீழ இருக்கற துணியை பாதி வரைக்கும் மடிச்சு, கஃப்போட ஓரம் மட்டும் லேசா எட்டிப் பாக்கற மாதிரி விட்டா நாள் முழுக்க அவுராது, சும்மா சுருட்டிவிட்டது மாதிரியும் இருக்காது.

போட்டோல கண்ணு முதல்ல போறது முகத்துக்குப் பக்கத்துல இருக்கறதுக்குத்தான். அதனால ஸ்கார்ஃப், கம்மல், குல்லா, கண்ணாடி இதை மாத்தினாலே டிரஸ் மாறின மாதிரி இருக்கும். பாட்டத்தை யாரும் கவனிக்கறதில்ல, ஒரே பேன்ட்டை மூணு நாள் போடுங்க, கேஸ் போட மாட்டாங்க.

போற இடத்துல டிரஸ்ஸுக்கு ரூல்ஸ் இருக்குமா?

சில இடத்துல கண்டிப்பா இருக்கு, தெரியாம போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. வாட்டிகன்ல புனித பீட்டர் பேராலயத்துக்கும் பேங்காக் கிராண்ட் பேலஸுக்கும் தோளும் முட்டியும் மூடியிருக்கணும், இது ஆண்களுக்கும் சேர்த்துதான், ஷார்ட்ஸ் போட்டுட்டுப் போய் மாட்டிக்கறது பெரும்பாலும் அவங்கதான். மசூதிக்குப் போனா பெண்கள் தலையும் மூடற மாதிரி இருக்கணும். பெரிய சைஸ்ல ஒரு மெல்லிசான ஸ்டோல் பேக்ல இருந்தா நிறைய இடத்துல அதுவே கைகொடுக்கும், தோள்ல போடலாம், இடுப்புல சுத்தலாம், தலைல போடலாம், ஃபிளைட்ல போத்திக்கலாம். நான் எடுக்கச் சொல்றதுலயே வெயிட்டுக்கு அதிக உபயோகம் அதுதான்.

ராணுவ டிசைன் கேமஃப்ளாஜ் துணி பார்படாஸ், ஜமைக்கா மாதிரி சில கரீபியன் நாடுகள்ல பொதுமக்கள் போடவே கூடாது, சட்டப்படி தப்பு, குழந்தைங்க டிரஸ்ல கூட பார்த்துக்கங்க. ஆப்பிரிக்கால சஃபாரி போறவங்க கரு நீலம், கருப்பு தவிர்க்கறது நல்லது, ட்செட்ஸி ஈங்கற கடிக்கற ஈ அந்த கலரைத் தேடி வரும். சஃபாரி ஆளுங்க எல்லாம் காக்கி போடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

குடும்பமா போறோம், எல்லாரும் ஒரே கலர் போட்டா நல்லா இருக்குமா?

ஒரே டீ ஷர்ட்டை எல்லாரும் போட்டா ஏதோ கம்பெனி டூர் மாதிரி இருக்கும்ங்கறது என் கருத்து, பிடிச்சவங்க போடுங்க. கலர் குடும்பத்தை மட்டும் பேசி வச்சுக்கங்க: ஒருத்தர் நேவி, ஒருத்தர் வெளிர் நீலம், ஒருத்தர் வெள்ளைல நீலக் கோடு, குட்டிக்கு மட்டும் மஞ்சள். டிசைன் போட்டது கூட்டத்துல ஒருத்தரோ ரெண்டு பேரோ போட்டா போதும். மொத்த குரூப் போட்டோவையும் கெடுக்கறது எப்பவுமே நெஞ்சுல பெருசா எழுத்து போட்ட ஒரு டீ ஷர்ட்தான், அதை யார் போடப்போறாங்கன்னு உங்களுக்கே தெரியும், முன்னாடியே சொல்லிடுங்க.

நகை, வாட்ச், பெல்ட்?

பெல்ட்டும் ஷூவும் ஒரே கலர் குடும்பமா இருந்தா போதும், அச்சு அசல் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. தங்க நிறமோ வெள்ளி நிறமோ ஒண்ணை முடிவு பண்ணி கம்மல், வாட்ச், பை கொக்கி எல்லாம் அதுலயே. விலை உயர்ந்த நகை வேணவே வேணாம், அதைப் பத்தின பயத்துலயே ஊரைப் பாக்க முடியாது.

திடீர்னு நல்ல இடத்துல டின்னர்னு கூப்பிட்டா?

அதுக்குன்னு தனியா ஒரு டிரஸ் தூக்கிட்டுப் போகாதீங்க. பொண்ணுங்களுக்கு கரு கலர்ல ஒரு பிளெயின் டிரஸ், பகல்ல ஸ்னீக்கர்ஸும் டெனிம் ஜாக்கெட்டுமா போட்டதையே ராத்திரி ஃபிளாட்ஸ், பெரிய கம்மல், லிப்ஸ்டிக்கோட போட்டா முடிஞ்சுது. பசங்களுக்கு கரு கலர் சினோஸ், காலர் வச்ச சட்டை, லோஃபர், அதுக்கு மேல லைனிங் துணி வைக்காத மெல்லிசான பிளேசர். அந்த பிளேசர் ஃபிளைட்லயும் போட்டுக்கலாம், பாக்கெட்ல பாஸ்போர்ட் வைக்கலாம்.

துவைக்கறது, காய வைக்கறது?

ராத்திரி குளிக்கும்போதே வாஷ்பேசின்ல கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசுங்க. முறுக்கிப் பிழியாதீங்க, லேசா அமுக்கித் தண்ணியை விடுங்க. அப்புறம் காஞ்ச டவலை விரிச்சு அது மேல டாப்பைப் பரத்தி, டவலோட சேர்த்து உருட்டி, அந்த உருளை மேல முட்டி போட்டு ஏறி அமுக்குங்க. பிரிச்சா டவல் சொதசொதன்னு இருக்கும், டாப் பாதி காஞ்ச மாதிரி இருக்கும். ஃபேனுக்குக் கீழ தொங்கவிட்டா மெல்லிசானது காலையில ரெடி. ஸ்ட்ரெச் துணியை ஹேர் டிரையர்ல சூடா அடிக்காதீங்க, உள்ள இருக்கற எலாஸ்டேன் செத்துப்போகும்.

அயர்ன் பாக்ஸ் இல்லையே?

பாத்ரூம்ல சுடுதண்ணி திறந்துவிட்டு கதவை மூடி ஹேங்கர்ல தொங்கவிடறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மெல்லிசான சுருக்கத்துக்கு மட்டும்தான் அது எடுபடும். அதை விட நல்லது, சுருக்கத்து மேல தண்ணி தெளிச்சு கையால இழுத்து நீவிவிட்டு அப்படியே காயவிடறது. காட்டன் காயும்போது எந்த நிலையில இருக்கோ அப்படியே நிக்கும்னு மேல சொன்னேன்ல, அதை நமக்கு சாதகமா திருப்பிக்கறோம். காலருக்கும் பட்டன் பட்டிக்கும் முடி ஸ்ட்ரெயிட்னர் வச்சு இழுத்தா சூப்பரா வரும், அதுல எண்ணெய், சீரம் ஒட்டியிருக்கான்னு முதல்ல துடைச்சுட்டு.

உருட்டி வைக்கறதா, மடிச்சு வைக்கறதா?

டீ ஷர்ட், ஜீன்ஸ், ஸ்வெட்டர் உருட்டுங்க. காலர் வச்ச சட்டை, லினன் மடிங்க, மடிக்கற இடத்துல ஒரு டீ ஷர்ட்டை நடுவுல வச்சு மடிச்சா கோடு விழாது. பிளேசரை ஒரு தோளை மட்டும் உள்பக்கம் வெளிய திருப்பி, இன்னொரு தோளை அதுக்குள்ள சொருகி மடிங்க. பெரிய பேக்கை செக் இன்ல போடறீங்கன்னா ஒரு முழு செட் டிரஸ்ஸும் உள்ளாடையும் கையில இருக்கற பேக்ல இருக்கட்டும், லக்கேஜ் வராம போனா தெரியும் அதோட அருமை.

டூருக்குன்னு புதுசா வாங்கலாமா?

டிரஸ் வாங்குங்க, ஒரு தடவை போட்டு உக்காந்து, கையைத் தூக்கி, படி ஏறிப் பார்த்துட்டு எடுங்க. கரு கலர் காட்டன்னா கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை தனியா அலசிடுங்க, இல்லைன்னா வேர்வைல சாயம் விட்டு வெள்ளை டாப்பையும் நாசம் பண்ணிடும். புது ஷூ மட்டும் கூடவே கூடாது, ரெண்டு வாரமாவது வீட்டைச் சுத்தி போட்டு நடந்த ஷூவைத்தான் எடுத்துப்போகணும்.

திரும்பி வர்றப்ப அழுக்குத் துணியை எப்படி?

தனியா ஒரு துணிப்பைல. பிளாஸ்டிக் கவர்ல ஈரத்தோட கட்டி ரெண்டு நாள் வச்சா கருப்புப் புள்ளி விழும், காட்டன்ல விழுந்தா அது லேசுல போகாது. ஈரமா ஏதாவது இருந்துதான் ஆகணும்னா கவர்ல போட்டு மேல வாயைக் கட்டாம வைங்க, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அதை எடுத்து வெளிய போட்டுடுங்க.